கம்புக்கு ஒன்றரை நொடி

பள்ளிபாளையம்,
சனிக்கிழமை

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணன் மருதாசலம் அவர்களுக்கு,

தங்கை சாந்தாமணி எழுதுவது. எல்லோரும் நலம் என்று எழுதிவிட்டுப் பிறகு விசாரிப்பது நம் வழக்கம். நான் விசாரித்துவிட்டே எழுதுகிறேன்: நலம்தான். ராய்ப்பூரில் நீங்களும் நங்கையும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். நேற்று போனில் பேசியபோது உங்கள் போர்வெல் ரிக் ஓடும் சத்தத்தில் எதையும் விளக்க முடியவில்லை. ஆகவே கடிதம்.

மகள் தனப்பிரியாவுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. நேற்று மாலை உத்தரவு வந்தது. உங்கள் ஆபீசில் அவளுக்கென்று ஒதுக்கிவைத்த நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம். ஒரு மாதமாகத் தொண்டையில் நின்ற சோறு எனக்கு நேற்றுத்தான் இறங்கியது.

அவள் செய்யும் வேலை என்னவென்று எனக்கே போன வாரம்தான் விளங்கியது. அவளுடைய பெங்களூர் நிறுவனம் இணையத்தில் ஆடும் ஒரு சண்டை விளையாட்டைத் தயாரிக்கிறது. ஆளுக்கொரு போனையோ கணினியையோ வைத்துக்கொண்டு எங்கோ இருப்பவர்களோடு மோத வேண்டும். வாள், வேல், வில், கம்பு என்று நான்கு சண்டை முறைகள். எதை எடுத்தாலும் நூற்றுக்கு ஏறக்குறைய ஐம்பது முறை ஜெயிக்க வேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால் அதை யாரும் எடுக்க மாட்டார்களாம். கம்பு தனப்பிரியாவின் பொறுப்பு. அது நூற்றுக்கு ஒருமுறைகூட ஜெயிக்கவில்லை. ஒரு மாதத்துக்குள் அதைத் தூக்கி நிறுத்தாவிட்டால் கம்பையும் எடுத்துவிடுவோம், உன்னையும் எடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

இந்தக் கணக்கை, விளையாட்டுக்குப் புதியவர்கள் பத்துப் பேர் கையில் கம்பைக் கொடுத்துச் சோதித்தே எடுக்க வேண்டும் என்பது ஆரம்பத்திலிருந்தே உள்ள ஏற்பாடு. வீட்டிலிருந்தே வேலை செய்கிறவள் புதியவர்களுக்கு எங்கே போவாள்? என் வீட்டுக்காரரான உங்கள் மாப்பிள்ளை, வெண்ணந்தூரிலிருந்து அவருடைய அக்கா சாலம்மாள் என்று சொந்தத்திலேயே பத்துப் பேரைப் பிடித்தாள். எதிரே வாளெடுத்தவர்கள் பெங்களூர் அலுவலகத்து இளைஞர்கள். கம்பு தோற்றது. அடியின் பலத்தைக் கூட்டினாள், தோற்றது. இரண்டு மடங்காக்கினாள், ஒரே அடியில் யானை சாயும் என்றாள், அடி விழுந்தால்தானே? பிறகு நீளத்தைக் கூட்டினாள். விளையாட்டில் வரும் கோட்டை வாசலில் கம்பு நுழையவில்லை. சாலம்மாள் வாசலிலேயே சிக்கி நின்று, "ஏஞ்சாமி, இத ரெண்டா அறுத்துக் குடுத்தா ஆகாதா?" என்று கேட்டுக்கொண்டே செத்துப்போனார்.

எனக்கு இந்தத் தொழிலில் நம்பிக்கை கிடையாது; வங்கித் தேர்வுக்குப் படி என்று நான்கு வருஷமாகச் சொல்லி அலுத்தவள் நான். ஆனால் இருபத்திரண்டு வருஷம் கல்லூரியில் புள்ளியியல் நடத்தியவளுக்குக் கண்முன் ஒரு அட்டவணை கிடந்தால் பார்க்காமல் போக முடியாது. பார்த்தேன். சந்தேகம் வந்தது. விவரம் தெரிந்தவர் தோற்க ஒரு நேரம் ஆகும், கண்ணாடியைத் தேடுகிறவர் தோற்க ஒரு நேரம் ஆகும். இங்கே பத்துப் பேரும் எதிராளி முன்னால் வந்த இரண்டாவது நொடியில் செத்திருந்தார்கள். இத்தனை ஒற்றுமை நம் சொந்தத்தில் எந்தக் காரியத்திலும் இருந்ததில்லை.

உங்கள் மாப்பிள்ளை ஆடும்போது பின்னால் போய் நின்றேன். வாள்காரன் வந்தான். இவர் அடிக்கும் பட்டனிலிருந்து விரலை எடுத்துவிட்டு, பேச்சுப் பெட்டியில் ஏதோ எழுதினார். தலை போய்விட்டது.

"ஏனுங்க, அடிக்காம என்னத்த எழுதீட்டு இருக்கறீங்க?"

"வந்தவன வாங்கன்னு கேக்க வேண்டாமா?"

"அவன் வெட்ட வந்திருக்கறானுங்க!"

"வெட்டறது அவங் கொணம். கேக்கறது நம்ம மொறை. நாளைக்கு ஒரு பேச்சு வந்தறக் கூடாது பாரு."

பத்துப் பேரையும் விசாரித்தேன். பத்துப் பேரும் வாங்க என்று கேட்டிருக்கிறார்கள். சாலம்மாள் காப்பி குடிக்கிறீங்களா என்றும் சேர்த்து எழுதியதால் மற்றவர்களைவிட அதிகமுறை செத்திருக்கிறார். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வாங்க என்று ஒரு வார்த்தை கேட்காததற்காகப் பந்தலிலிருந்து எழுந்து போனவர்கள் நம்மில் எத்தனை பேர்!

"அப்பக் கம்புல கொறை இல்லியாம்மா?" என்றாள் தனப்பிரியா.

"கம்ப இன்னும் ஒருத்தரும் வீசவே இல்ல சாமி."

விளையாட்டில் மட்டும் கேட்காமல் இருங்கள் என்று சொல்லிப் பார்த்தோம். அப்படியொரு ஆட்டமே வேண்டாம் என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். கடைசியில் அவள் மரியாதையையே கம்புக்குள் வைத்துவிட்டாள். ஒரு பட்டன். தட்டினால் கம்புக்காரர் கம்பை ஊன்றி, வாங்க என்று குரல் கொடுப்பார். அது காதில் விழுந்த எதிராளியின் ஆயுதம் ஒன்றரை நொடி தாழ்ந்துவிடும். இதற்கு என்ன நியாயம் என்று அவளுடைய மேலதிகாரி கேட்டார்.

"நீங்க ஒருத்தர வெட்டப் போறீங்க சார். அவரு வாங்கன்னு கேக்கறாரு. ஒடனே வெட்டீருவீங்களா?"

அவர் யோசித்தார்.

"அந்த ரோசனைக்குத்தான் சார் ஒன்னர செகண்டு கேக்கறேன்" என்றாள்.

ஒப்புக்கொண்டார். வாளோடு நூற்றுக்கு ஐம்பத்தொன்று, வேலோடு நாற்பத்தெட்டு, வில்லோடு நாற்பத்தாறு. நானே சரிபார்த்தேன். உங்கள் மாப்பிள்ளை ஒரு பெங்களூர் வாள்காரனைச் சாய்த்துவிட்டு, அடி பலமா பட்டுதுங்களா என்று எழுதிக் கேட்டார். மகளைப் பற்றிப் பெருமைப்படும் வழக்கம் எனக்கு இல்லை. நேற்று ஒருநாள் மட்டும் விதிவிலக்கு.

நங்கைக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள். உங்கள் ரிக் இறங்கும் இடமெல்லாம் முதல் நூறடியிலேயே தண்ணீர் காணட்டும்.

உங்கள் தங்கை,
சாந்தாமணி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் பெங்களூரிலிருந்து அழைப்பு. மேலே எழுதியவற்றில் இனி ஊரும் கிழமையும் மட்டும் சரி. கம்பை மற்ற மூன்றோடும் மோதவிட்ட நான், கம்போடு கம்பை மோதவிட்டுப் பார்க்கவில்லை. அட்டவணையில் அந்தக் கட்டம் காலியாக இருந்திருக்கிறது. இன்று விளையாட்டை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். காலை எட்டு மணிக்கு உங்கள் மாப்பிள்ளைக்கு எதிரே கம்போடு, சொந்தப் பெயரிலேயே வந்து நின்றவர் அவருடைய பங்காளி ரங்கன். எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் தன்னை யாரும் வாங்க என்று கேட்கவில்லையென்று திரும்பிப் போய், ஆறு வருஷமாகப் பேச்சை விட்டவர். இவர் வாங்க என்றார். அவர் வாங்க என்றார். இவர் மறுபடி வாங்க என்றார். இப்போது மாலை நாலு மணி. இன்னும் ஒரு கம்பும் வீசப்படவில்லை. இந்தச் சண்டை எப்படி முடியும் என்று தெரியும்வரை உத்தரவை நிறுத்திவைத்திருக்கிறார்களாம். "புள்ள பொழப்பே இதுல இருக்குதுங்க, ஒரே ஒரு அடி போடுங்க" என்று கெஞ்சிவிட்டேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்கிறார்: "ஆறு வருஷங் கழிச்சு இப்பத்தான் அவன் வாயத் தொறக்கறான். இப்பப் போயி அடிக்கச் சொல்றயே, நீயெல்லாம் படிச்சவளா?"