நாலாம் பாடம் வரை

விண்ணப்பத்தில் ‘துருக்கி மொழி தெரியும்’ என்று குமாஸ்தா எழுதியது சும்மா ஒரு அலங்காரத்துக்குத்தான். துண்டு நெய்யும் அந்த மில்லுக்குத் துருக்கிக் கம்பெனியோடு வியாபாரம் வரும் என்று யார் கண்டார்கள்?

“அடுத்த திங்கள் அவங்க ஆள் வர்றார். அவங்க பாஷையில நீங்கதான் பேசணும்,” என்றார் மேலாளர். “நல்லா முடிஞ்சா உங்க வேலை நிரந்தரம். இல்லேன்னா...”



குமாஸ்தா மஞ்சள் அட்டைப் புத்தகம் ஒன்று வாங்கினார். ‘எவ்’ என்றால் வீடு. ‘எவ்தே’, வீட்டில். ‘எவ்தென்’, வீட்டிலிருந்து. அட, நம்ம வேற்றுமை உருபுதானே! தெம்பு வந்தது. மனதில் பதியட்டும் என்று ஆபீஸ் சாமான்களில் எல்லாம் துருக்கியில் சீட்டு எழுதி ஒட்டினார்.

அந்த மில்லில் சீட்டு ஒட்டியது எதுவானாலும் லாரியில் ஏறிவிடும். மேலாளரின் நாற்காலியும் ஏறிவிட்டது.

“என்னய்யா இது?” என்று நின்றுகொண்டே கேட்டார் மேலாளர்.

“பாடம் சார். எல்லாரும் கத்துக்கட்டுமேன்னு...” வாய் முந்திக்கொண்டது.

“பிரமாதம்! நாளைலேருந்து தினம் வகுப்பு எடுங்க!”

மதியம் படித்ததை மாலையில் நடத்தினார். ‘கெலியோரும்’, வருகிறேன். ‘கெல்திம்’, வந்தேன்.

“வருவேன்னு எப்படி சார் சொல்றது?” என்றார் தையல்கார அம்மா.

“அது நாளைக்கு.”

எதிர்காலம் ஐந்தாம் பாடத்தில் இருந்தது. அவர் நாலைத் தாண்டவில்லை. அதற்குள் திங்கட்கிழமை வந்துவிட்டது.

விருந்தாளி கோட்டு சூட்டோடு வந்து உட்கார்ந்தார். குமாஸ்தா எழுந்து நின்று, “நான் வந்தேன்,” என்று துருக்கியில் ஆரம்பித்தார்.

விருந்தாளி வெகுநேரம் யோசித்தார். “புத்தகம் மேசையில் இருக்கிறது,” என்றார், துருக்கியில்.

மேசையில் புத்தகமே இல்லை. பெரிய மனிதர், ஏதாவது உள்ளர்த்தம் இருக்கும் என்று குமாஸ்தா பயபக்தியோடு தலையாட்டினார். அவரும் ஆட்டினார். இப்படியே அரைமணி நேரம் ஆட்டியதில் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. மேலாளர் அங்கேயே வேலையை நிரந்தரமாக்கினார். குமாஸ்தாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

விருந்தாளியை ரயிலேற்றிவிட்டு வந்த டிரைவர் ஒரு மஞ்சள் புத்தகத்தை நீட்டினார். “சார், உங்க புத்தகத்தைக் கார்லயே விட்டுட்டீங்க.”

குமாஸ்தா தன் பையைத் தடவிப் பார்த்தார். “என்னுது இங்க இருக்கே!”

“அப்ப அவரோடதுதான் சார், ‘ரெண்டு பாடம்தான் முடிச்சிருக்கேன், அங்க இருக்கிறவர் பெரிய பண்டிதராமே, என் வேலை போயிடும்பா’ன்னு காலையில வர்ற வழியெல்லாம் நம்ம பாஷையிலதானே புலம்பிட்டு வந்தார்!”