நாற்பது ஏக்கர் தக்காளி

"தக்காளி இலை சுருளுதுன்னு மட்டும் கேளுங்க. பத்து வார்த்தைக்கு மேல பேசிடாதீங்க!"

வானொலி நிலையத்தின் மாடிப்படி மூலையில் நின்று, செல்போனில் கிசுகிசுத்தாள் அறிவிப்பாளர்.

"நான் டிரில் மாஸ்டர்மா. தக்காளியைப் பத்தி எனக்கென்ன தெரியும்?" என்றான் கணவன்.

"மாடியில ரெண்டு தொட்டியில வளர்க்கறீங்களே, அது போதும்."

அவளுடைய வேளாண்மை நிகழ்ச்சிக்கு ஆறு மாத வயது. உழவர்கள் சாப்பிட உட்காரும் மதியம் ஒன்றரை மணிக்கு நேரலை. பக்கத்தில் பூச்சி டாக்டர் என்று எல்லோரும் அழைக்கும் வேளாண் அதிகாரி, எந்தப் புழுவுக்கும் தயாராக உட்கார்ந்திருப்பார். ஆனால் உப்பு டப்பா எங்கே என்று கேட்கும் கணவனைத் தவிர ஸ்டுடியோ எண்ணுக்கு யாரும் பேசியதில்லை. இன்றைக்கும் ஒரு விவசாயிகூடப் பேசவில்லை என்றால் நிகழ்ச்சிக்கு மூடுவிழா என்று சொல்லிவிட்டார் இயக்குநர்.

நிகழ்ச்சி தொடங்கியது. தொலைபேசி எண் பாட்டாக ஒலித்தது. ஆறு மாதம் முன்பு, நிகழ்ச்சியின் முதல் நாளே நிலையத்து வயலின்காரர் மெட்டுப் போட்டுக் கொடுத்தது அது. "நம்பர் தாளத்துல உட்காரவே மாட்டேன்னுச்சும்மா. முன்னே பின்னே தள்ளி எப்படியோ உட்கார வெச்சுட்டேன்," என்று அன்று பெருமைப்பட்டிருந்தார்.

பாட்டு முடிந்ததும் போன் அடித்தது. கண்ணாடிக்கு அப்பால் இயக்குநர் எழுந்தே நின்றுவிட்டார்.

"வணக்கம்! நான் ஒரு விவசாயி!" அணிவகுப்புக்கு ஆணையிடும் குரல். "தக்காளி இலை சுருளுது!"

ஆறு மாதமாகக் காத்திருந்த பூச்சி டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "எவ்வளவு போட்டிருக்கீங்க ஐயா?"

"ரெண்டு தொட்டி."

"தொட்டியா?"

"தண்ணித் தொட்டிங்க! தக்காளி... நாப்பது ஏக்கர்!"

"நாப்பது ஏக்கரா? அது பரவினா ஊரே போச்சே! ஜீப்பை எடுத்துட்டு இப்பவே வரேன். விலாசம் சொல்லுங்க!"

மறுமுனையில் ஏதோ உருளும் சத்தம். பிறகு அவள் மாமியாரின் குரல்.

"நிலத்தை நேத்தே வித்துட்டோம் தம்பி."

"இலை சுருண்டதுக்கா நாப்பது ஏக்கரை வித்தீங்க?"

"அதை விடுங்க. எங்க மருமக இன்னிக்கும் சாப்பாட்டு டப்பாவை மறந்துட்டா. பக்கத்துலதான் இருப்பா. பசியோட தொண்டை கிழியப் பேச வேண்டாம்னு சொல்லுங்க. இவன் கையில கொடுத்து விடறேன்."

இது அத்தனையும் நேரலையில் போனது.

இயக்குநர் மெல்ல உட்கார்ந்தார். நிகழ்ச்சி முடிந்ததும் உள்ளே வந்தார். கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"உங்க உழைப்பை நான் குறை சொல்லலைம்மா. கேட்க ஆளில்லையே, என்ன பண்றது? நாளையிலேருந்து இந்த நேரத்துல சினிமாப் பாட்டு."

"சார், யாராவது ஒருத்தராவது கேட்டுட்டு இருப்பாங்க சார்," என்றாள்.

"உங்க மாமியார் கேட்கறாங்க. அது தெரிஞ்சு போச்சு."

பூச்சி டாக்டர் தன் புழுப் படங்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தார்.

கதவு தட்டப்பட்டது.

"டப்பா வந்தாச்சு போல," என்றார் இயக்குநர்.

வந்தது கணவன் இல்லை. கழுத்தில் அளவு டேப்பும் கையில் தடித்த நோட்டுமாக மூச்சு வாங்க ஒரு பெண் நின்றாள்.

"இவங்க யாரு, உங்க சித்தியா?"

"எனக்கு இவங்க யாருன்னே தெரியாது சார்!"

அந்தப் பெண் யாரையும் கவனிக்காமல் நோட்டை மேசைமேல் விரித்தாள். முதல் நாலு பக்கம் ஜாக்கெட் அளவுகள். அதன் பிறகு பக்கம் பக்கமாகப் பெயர், ஊர், பயிர், நோய்.

"உங்க பாட்டுல வர்றது என் தையல் கடை நம்பருங்க, ஆறு மாசமா கூப்பிடற விவசாயிங்களுக்கெல்லாம் நீங்க ரேடியோவுல சொல்றதைக் கேட்டு எழுதி வெச்சு நானே பதில் சொல்லிட்டு வரேன், ஆனா இந்த இருபத்திமூணு பேருக்குத்தான் என்ன சொல்றதுன்னு தெரியல, கொஞ்சம் சொல்லுங்க, கடையில போன் அடிச்சுட்டே இருக்கும்!"