தலைக்குப் பின்னால் ஒரு காந்தம்

அன்புள்ள நஸ்ருல்லா மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே உங்கள் அக்கா சுராயா நலம். நானும் ஆடியபடியே நலம். ஷார்ஜாவில் உங்கள் சுகத்துக்கு துஆ செய்கிறோம். போனில் பேச ஆரம்பித்தால் அக்கா பிடுங்கிக்கொள்கிறாள், அதனால் கடிதம்.

என்னைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டுவிட்டு வரப்போகிறீர்களாமே, வேண்டாம். என் சிறுமூளை சுருங்கிக்கொண்டே வருகிறது என்பது தெரிந்ததுதான், அதற்காக ஆஸ்பத்திரிக்குப் போகச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினேன், கால் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் போய்க் கண்டக்டர் மேலேயே சாய்ந்துவிட்டேன், அவர் "தொப்பி போட்டுக்கிட்டே ஊத்திட்டு வர்றீங்களே பெரியவரே" என்றார், அக்காவுக்கு வந்ததே கோபம், "வாயை மோந்து பாருய்யா!" என்று கத்தினாள், நானும் வாயைத் திறந்துகொண்டு நின்றேன், அவர் நிஜமாகவே மோந்துவிட்டு, "ஏலக்காய் வாசனைதாங்க வருது" என்று கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

அங்கே காந்த சிகிச்சை. ஆயுசெல்லாம் பெரியகடை வீதியில் இரும்பு விற்றவன் நான். காந்தம் என் தலையில் ஒட்டிக்கொள்ளாதா என்று கேட்டேன். டாக்டர் லூர்துராணி சிரிக்காமல், "ஒட்டாது பாய். ஆனா குணமாகும்னும் சொல்ல மாட்டேன். கொஞ்சம் நிதானம் வரலாம், வராமலும் போகலாம்" என்றார். பின்மண்டையில் கருவியை வைத்தார்கள். மண்டையை மரங்கொத்திக்கு வாடகைக்கு விட்டதுபோல ஒரே டக்டக். சில வாரம் கழித்துப் பாதங்களைச் சேர்த்து நிற்கச் சொன்னார். ஆடினேன், விழவில்லை. திரும்பிப் பார்த்தால் அக்கா அழுகிறாள்.

"விழுவீங்கன்னு கையை நீட்டிக்கிட்டே இருந்தேன். நீங்க விழல. இப்ப இந்தக் கையை என்ன பண்றதுன்னு தெரியல."

இத்தனை காலமும் நான் மட்டும்தான் தடுமாறுகிறேன் என்று நினைத்திருந்தேன், மச்சான்.

வியாதி போய்விடவில்லை. இந்த நிதானமும் எத்தனை நாளைக்கோ. ஆனாலும் இப்போது யாரையும் கூப்பிடாமல், தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளூச் செய்துவிட்டு வருகிறேன். எங்களுக்கு ஒரு குறையுமில்லை, நீங்கள் வேலையை விடாதீர்கள். உங்களுக்கும் உங்கள் மனைவி அஃபீஃபாவுக்கும் ஆண்டவன் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும்.

இப்படிக்கு,
மீரான்

பி.கு.: உடனே புறப்பட்டு வாருங்கள். இதை எழுதிவைத்த மறுநாள், மாடியில் துணி எடுக்கப் போன அக்கா படியில் வழுக்கி விழுந்துவிட்டாள். தோளெலும்பு முறிந்து கையைத் தூக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே போய் ஆட்டோ கூட்டிவந்தது நான்தான். இன்று காலை அவளுக்குத் தலைவாரிப் பின்னியும் விட்டேன். பின்னல் வலது காதுப் பக்கம் போய்விட்டது. கண்ணாடியில் பார்த்துவிட்டு, "நேராத்தாங்க இருக்கு" என்கிறாள்.