வள்ளத்தில் ஒரு கூட்ட நடப்பெண்

மன்னாரில் ஒரு பல்கலைக்கழகத்தின் கடற்புல் ஆய்வுக் குழு இருந்தது. ஓர் ஆய்வுக் குழுவுக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அதற்கு இருந்தன. கண்ணுக்கு எட்டும் தூரத்தில் கடல் இருந்தது. கடலுக்கு அடியில் புல் இருந்தது. போய்ப் பார்ப்பதற்குத் தாழ்வுபாடு என்ற மீனவ ஊரைச் சேர்ந்த பேதுருவின் வள்ளம் இருந்தது. இறங்கி அளப்பதற்கு ஆய்வு மாணவி நிறஞ்சலா இருந்தாள். ஒழுங்கான கூட்டம் மட்டும் இல்லை. குழுத் தலைவர் கலாநிதி சிவலட்சுமி வெளிநாடொன்றில் நடந்த பயிலரங்குக்குப் போய்த் திரும்பும்வரை அந்தக் குறை ஒருவர் கண்ணிலும் படவில்லை.

"இவ்வளவு காலமும் நாங்கள் எப்பிடி ஆராய்ச்சி செய்தனாங்கள் எண்டு நினைக்கவே எனக்குப் பயமாயிருக்கு," என்றார் சிவலட்சுமி. "ஒருத்தரும் ஒருத்தரோடயும் முறைப்படி கூடேல்லை. அவரவர் பாட்டுக்கு வேலை செய்திருக்கிறம்."

இனிமேல் புதன்கிழமை தோறும் காலையில் கூட்டம் என்று தீர்மானமாயிற்று.

நிறஞ்சலாவுக்கு இது தொண்டையில் முள் மாதிரி இருந்தது. அவள் கீரி என்ற கடற்கரைக் கிராமத்தில் பிறந்து வளர்ந்த பெண். முதுதத்துவமாணி என்ற ஆராய்ச்சிப் பட்டத்துக்காக, கடலில் ஒரே இடத்துப் புல்லை இந்தப் பருவத்தில் ஒரு தடவையும் அடுத்த பருவத்தில் ஒரு தடவையும் அளக்கவேண்டும். காலையில், காற்றெழும்ப முதல், தண்ணீர் தெளிந்திருக்கும்போதுதான் அளக்கலாம். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று தொடங்கிவிட்டால் அந்தக் கரையில் கடல் கலங்கி, தன் கையே தனக்குத் தெரியாது. இந்தப் பருவம் தவறினால் அவளுடைய பதிவு காலாவதியாகிவிடும். பட்டமும் இல்லை, வேலையும் இல்லை.

புதன்கிழமை ஒன்றுதானே, போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் ஆயத்தமில்லாமல் கூட்டத்துக்கு வருவது கூட்டத்தை அவமதிப்பது என்று கண்டறியப்பட்டதால், செவ்வாய்க்கிழமை ஆயத்தக் கூட்டம் வந்தது. நடந்த கூட்டத்திலிருந்து பாடம் கற்காவிட்டால் அது வீண் என்பதால் வியாழக்கிழமை மீளாய்வுக் கூட்டம் வந்தது. திங்கட்கிழமை, கூட்டங்கள் கூடிப்போய்விட்டன என்ற முறைப்பாட்டை ஆராயும் கூட்டம். வெள்ளிக்கிழமை குழுவின் புள்ளிவிபரக்காரரான உதவி விரிவுரையாளர் அஸ்மிக்கு ஜும்ஆத் தொழுகை இருந்தபடியால், அவர் போவதற்கிடையில் முடிக்கக்கூடிய சிறு கூட்டம்.

ஒவ்வொரு கூட்டமும் பயிலரங்கில் கற்ற முறைப்படி ஒரு மனம் திறத்தலோடு தொடங்கும்.

"இண்டைக்கு நீங்கள் என்ன மீன்?" என்று சிவலட்சுமி கேட்பார். "நான் இண்டைக்குப் பாரை மீன். வேகமா, பளபளப்பா இருக்கிறன். அஸ்மி?"

"நான் திருக்கை, மடம். அடியில கிடக்கிறன்."

"நல்லது. நிறஞ்சலா?"

"கருவாடு, மடம்."

சிவலட்சுமி இதை மிகுந்த பரிவோடு குறித்துக்கொண்டார். குழுவினரின் மனநலம் பற்றி ஒரு சிறப்புக் கூட்டம் ஏற்பாடானது.

"மடம், கடலுக்கு எப்ப போறது?" என்று நிறஞ்சலா ஒரு நாள் நேரடியாகவே கேட்டாள்.

"நல்ல கேள்வி. நிகழ்ச்சி நிரலில போடுவம்."

போட்டார்கள். 'கடலுக்குப் போதல்' என்பது 'ஏனைய விடயங்கள்' என்ற தலைப்பின் கீழே, நேரமிருந்தால் எடுத்துக்கொள்ளப்படும் இடத்தில் கௌரவமாக அமர்ந்தது. நேரம் ஒருபோதும் இருக்கவில்லை.

பேதுரு தினமும் காலையில் தொலைபேசி எடுப்பார். "பிள்ளை, தண்ணி கண்ணாடி மாதிரிக் கிடக்கு. வாறியளோ?"

"ஏலாது பேதுரு அண்ணை. கூட்டம்."

"செபக்கூட்டமோ?"

"இல்லை அண்ணை."

"அப்ப எலெக்சன் கூட்டமோ?"

"இல்லை. சும்மா கூட்டம்."

படித்த மனிதர்களுக்குச் சுகவீனம் வந்தால் அதை விசாரிப்பது மரியாதையில்லை என்று பேதுருவுக்குப் பட்டது. "சரி பிள்ளை, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கோ," என்று வைத்துவிட்டார்.

பங்குனி கழிந்தது. மேற்கே முகில் மாறத் தொடங்கியது. நிறஞ்சலா சாப்பாட்டை விட்டாள். ஒரு வியாழக்கிழமை மீளாய்வுக் கூட்டத்தின் நடுவில் எழுந்து, "மடம், நான் நாளைக்குக் கடலுக்குப் போறன். கூட்டத்துக்கு வரமாட்டன்," என்றாள்.

சிவலட்சுமி கோபிக்கவில்லை. அவர் நல்ல மனுசி. பிரச்சினையை ஆழமாகச் சிந்தித்தார். "நீர் கடலுக்குப் போகவும் வேணும், கூட்டம் நடக்கவும் வேணும். அப்ப கூட்டத்தைக் கடலுக்குக் கொண்டுபோவம்."

இப்படித்தான் நடமாடும் கூட்டம் பிறந்தது.

அடுத்த நாள் விடிய, பேதுருவின் வள்ளத்தில் மூன்று பிளாஸ்டிக் கதிரைகள் ஏற்றப்பட்டன. சிவலட்சுமி தொப்பியோடு நடுக் கதிரையில் அமர்ந்தார். புல் இருக்கும் இடத்துக்கு வந்ததும் பேதுரு எஞ்சினை நிறுத்தினார். தண்ணீர் அடிவரைக்கும் தெளிந்து கிடந்தது. நிறஞ்சலா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பிவிசிக் குழாயில் செய்த சதுரச் சட்டத்தை எடுத்து, ஒரு காலை வெளியே போட்டாள்.

"நிறஞ்சலா, நில்லும். நீர் குதிச்சா ரெண்டு பேர்தான் மிச்சம். எங்கட யாப்பு விதிப்படி கூட்டம் செல்லுறதுக்கு மூண்டு பேர் வேணும், அதுதான் கூட்ட நடப்பெண். நீர் இறங்கினா கூட்டம் கலைஞ்சிரும்."

"கலையட்டுமே மடம்."

"கலைஞ்சா, பிறகு நாங்கள் என்ன அதிகாரத்தில இந்த வள்ளத்தில இருக்கிறம்?"

நிறஞ்சலா ஒரு கால் வெளியேயும் ஒரு கால் உள்ளேயுமாக இருந்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அஸ்மிதான் தொண்டையைச் செருமினார்.

"பேதுரு அண்ணையையும் உறுப்பினராச் சேர்த்தா என்ன? அவர் எப்பிடியும் குதிக்கமாட்டார். வள்ளம் அவருடையது."

அஸ்மி முன்மொழிய, நிறஞ்சலா ஒற்றைக் காலில் வழிமொழிய, தாழ்வுபாட்டுப் பேதுரு கடற்புல் ஆய்வுக் குழுவின் உறுப்பினரானார். அவர் சம்மதத்தைத் தெரிவிப்பதற்குள் நிறஞ்சலா தண்ணீருக்குள் இருந்தாள்.

கீழே காட்சி நன்றாக இல்லை. வலை இழுத்தும் நங்கூரம் கிளறியும் எஞ்சின் விசிறி வெட்டியும், புல் சொறி பிடித்த நாயின் முதுகு மாதிரித் திட்டுத் திட்டாகக் கிடந்தது. அவள் மூச்சுப் பிடித்து முக்குளித்து, மேலே வந்து காற்றெடுத்து, திரும்பவும் முக்குளித்து, வேண்டிய அளவெல்லாம் எடுத்து முடித்தாள்.

மேலே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. "புதிய உறுப்பினர் பேதுரு அவர்கள் ஏதாவது சொல்ல விரும்புறாரோ?" என்று சிவலட்சுமி கேட்டிருந்தார். பேதுருவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எஞ்சின் இரண்டு நாளாக இருமுகிறது என்றார். சிவலட்சுமி மடிக்கணினியில் அதைத் தட்டினார். பிறகு, தன் தம்பி கட்டுக்கரைப் பக்கம் வயல் செய்யப் போனவன் ஒரு பெருநாளுக்கும் வருவதில்லை என்றார். அதையும் தட்டினார். "இன்னும் ஏதும்?" என்று கேட்டார்.

பேதுருவின் கண் கலங்கிவிட்டது. அவர் அரைவாசி ஆயுள் முடித்த மனிதர். கடலில் அவர் பேச்சைக் காற்று கொண்டுபோகும், வீட்டில் மனைவி றோசம்மா கேட்பதில்லை. அவர் சொன்னதை ஒருவர் எழுதி, இன்னும் ஏதும் உண்டா என்று கேட்டது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.

நிறஞ்சலா ஏறி வந்தபோது, "பிள்ளை, சத்தம் போடாதேங்கோ. கூட்டம் நடக்குது," என்றார் பேதுரு.

அதன்பிறகு சோளகம் வீசத் தொடங்கியது. நிறஞ்சலா முதல் அளவைப் பத்திரப்படுத்திக்கொண்டு, அடுத்த பருவத்துக்காகக் காத்திருந்தாள். கூட்டங்களில் இப்போது அவள் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. பேதுரு எல்லாவற்றுக்கும் தவறாமல் வந்தார், வெள்ளை நீளக்காற்சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து.

ஒரு நாள் றோசம்மா ஆய்வுக் குழுவின் வாசலில் வந்து நின்றாள்.

"பிள்ளை, என்ர மனுசனுக்கு நீங்கள் என்ன குடுத்தனீங்கள்?"

"ஏன் றோசம்மாக்கா?"

"முந்திக் குடிச்சிட்டு வந்து படுத்திடும். நிம்மதி. இப்ப குடிக்கிறேல்லை. கடற்கரையில எல்லாரையும் இருத்திக் கூட்டம் வைக்குது. காத்து அடங்கிக் கடல் திறந்தும், ஆரும் தொழிலுக்குப் போகேல்லை. விடியக் கூடினா, கூட்டம் முடியக் காத்து எழும்பியிடும். பிறகு எங்க போறது? கறிக்கு உப்புக் கூட எண்டு மனுசன் சொல்லிச்சு. இனிக் குறைச்சுப் போடுறன் எண்டன். இல்லையாம், அதை முறைப்படி எடுத்துக் கதைக்கவேணுமாம்."

"நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"சொல்லாமலோ? இந்தக் கூட்டங்களை நிப்பாட்டவேணும் எண்டு பொம்பிளையள் எல்லாரும் சேர்ந்து ஒரு கூட்டம் வைச்சனாங்கள்."

"என்ன முடிவு?"

"இன்னும் முடியேல்லை. ஒவ்வொரு திங்களும் வைக்கிறம்," என்ற றோசம்மா நேரத்தைப் பார்த்துவிட்டு, "நான் போகவேணும், இண்டைக்கு நான்தான் தலைமை," என்று விடைபெற்றாள்.

நோய் கரையோரம் பரவியது. பக்கத்து ஊரார், தாழ்வுபாட்டார் கூடிக் கூடி என்ன கதைக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு, அதைப் பற்றிக் கதைக்கக் கூடினார்கள். வள்ளங்கள் மணலில் கவிழ்ந்து கிடந்தன. சனம் எப்படிச் சீவித்தது என்றால், கனடாவில் இருந்த உறவுகள் அனுப்பினார்கள். ஏன் இப்படி அனுப்பவேண்டியிருக்கிறது என்று அங்கேயும் கணினித் திரையில் கூடிப் பேசிக்கொண்டார்கள்.

மறுபடி பங்குனி வந்தது. கடல் தெளிந்தது. இரண்டாவது அளவை எடுக்க நிறஞ்சலாவுக்கு ஒரு வள்ளமும் கிடைக்கவில்லை. கடைசியில் தாழ்வுபாட்டுக் கடற்கரைக் கூட்டத்தில் கையை உயர்த்தி, நடமாடும் கூட்டம் ஒன்று நடத்தவேண்டும் என்று பிரேரித்தாள். பலத்த கரகோசத்தோடு நிறைவேறியது.

அதே இடத்தில் இறங்கினாள். இறங்கியவள் மேலே வந்து காற்றெடுக்க மறந்துபோனாள்.

கடலின் அடியில் மண் தெரியவில்லை. தொடையளவு புல், நீரோட்டத்தில் ஒரே பக்கமாகச் சாய்ந்து, கதிர் முற்றாத வயல் மாதிரி அலையடித்தது. நடுவில் நெளிந்து நெளிந்து ஒரு தடம் போயிற்று. கடற்பசு மேய்ந்த தடம். புத்தகத்தில் மட்டும் பார்த்தது. தண்ணீருக்குள்ளேயே அவளுக்கு அழுகை வந்தது. கண்ணாடிக்குள் உப்புத் தண்ணீர் எப்படி வந்தது என்று அவள் ஆராயவில்லை.

வள்ளத்தில் ஏறி, துவாயைப் போர்த்திக்கொண்டு கரைக்கு வரும்போதுதான் யோசனை ஓடியது. ஏன் வளர்ந்தது? வலை விழவில்லை. நங்கூரம் விழவில்லை. விசிறி சுற்றவில்லை. ஏன்? எல்லோரும் கூட்டத்தில் இருந்தார்கள்.

அன்று மாலை அஸ்மியிடம் எல்லா அளவையும் கொடுத்தாள். "மழையா இருக்குமோ, சேர்? உப்புத்தன்மையா இருக்குமோ? தயவுசெய்து வேற காரணம் ஏதும் பாருங்கோ."

அஸ்மி மழையைப் போட்டுப் பார்த்தார். வெப்பத்தைப் போட்டுப் பார்த்தார். திரையைத் திருப்பிக் காட்டினார். "ஒண்டும் பொருந்தேல்லை. கூட்டத்தைப் போட்டா மட்டும் கோடு நேரா ஏறுது. அல்லாஹ் மேல ஆணை, நானும் வேற பதிலைத்தான் தேடினனான்."

"இதை எழுதினா என்ன நடக்கும் எண்டு தெரியுமோ?"

"தெரியும். ஆனா இது உண்மை."

நிறஞ்சலா நேர்மையானவள். எழுதினாள். ஒழுங்கான கூட்டங்களினால் கடற்புல் தழைக்கிறது என்ற கண்டுபிடிப்புக்கு முதுதத்துவமாணிப் பட்டம் கிடைத்தது. சிவலட்சுமி அவளைக் கட்டிப்பிடித்து, தான் அன்றைக்குத் திமிங்கிலம் என்றார். கொழும்பில் ஒரு மேலிடம் அறிக்கையை வாசித்துவிட்டு, கரையோர மாவட்டங்கள் முழுவதும் வாராந்தக் கூட்டங்கள் கட்டாயமாக்கப்படுகின்றன என்று சுற்றறிக்கை அனுப்பியது. அவற்றை ஒழுங்கமைக்கும் இணைப்பாளராக நிறஞ்சலா நியமனம் பெற்றாள். ஓய்வூதியமுள்ள நிரந்தர உத்தியோகம். இருந்து வேலை செய்யக் கந்தோரும், போய்வர வாகனமும் உண்டு. கடலுக்குப் போகவேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கீரிக் கோயிலில் அம்மா பெற்றிசியா நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுத்தாள். வந்து சமைத்தாள். வீட்டு முற்றத்திலிருந்து பார்த்தால் கடல், சட்டியில் டின் மீன். மன்னார்ச் சந்தையில் இப்போது அதுதான் வருகிறது.

"இது எந்தக் கடல் மீன் அம்மா?" என்று நிறஞ்சலா கேட்டாள்.

அம்மா வெறும் டின்னை வெளிச்சத்தில் பிடித்து, எங்கோ தூரத்து நாடொன்றின் பேரை எழுத்துக்கூட்டி வாசித்தாள். "அங்க ஒருத்தரும் கூட்டம் வைக்கிறேல்லையாக்கும்," என்றாள்.

அம்மா சும்மா சொன்னாள். நிறஞ்சலாவுக்குத்தான் சோறு இறங்கவில்லை. அந்த நாட்டின் கடலடியில் கிளறுபட்டுக் கிடக்கும் புல் கண்முன்னே வந்தது. கையைக் கழுவிவிட்டு மடிக்கணினியைத் திறந்தாள். இணைப்பாளர் என்ற முறையில், ஒழுங்கான கூட்டங்களின் நன்மைகளை அந்த நாட்டுக்கு எடுத்துரைத்து ஒரு மின்னஞ்சல் எழுதத் தொடங்கினாள்.

அம்மா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "அவையளும் கூடத் தொடங்கினா, பிறகு டின் மீனும் வராதே. அப்ப நாங்கள் என்னத்தைத் தின்னுறது பிள்ளை?"

நிறஞ்சலா தட்டுவதை நிறுத்தி யோசித்தாள். நியாயமான கவலைதான். அதை அலட்சியப்படுத்தக்கூடாது என்று பட்டது. அதை ஆராய்வதற்கென்றே தனியாக ஒரு குழு அமைத்து, அம்மாவை அதில் உறுப்பினராக்கி, முதல் கூட்டத்துக்கு நாளும் குறித்தாள்.