பதினோரு வரியும் இருபத்தெட்டு அங்குல இடுப்பும்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. இங்கே வீட்டில் எல்லோரும் சௌக்கியம், என் இடுப்பைத் தவிர. அதைப் பற்றிப் பிறகு வருகிறேன். நீயும் மாமாவும் நன்றாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் நேரே விஷயத்துக்குப் போகிறேன். போனில் பேசலாம் என்றுதான் எடுத்தேன், நடுவில் அழுதுவிடுவேனோ என்று பயந்து வைத்துவிட்டேன்.

தையல் நிறுவனத்துக்காக நாம் இருவரும் செய்த மென்பொருளில் நீ எழுதிய பதினோரு வரிகளை எடுக்கப் போகிறார்கள். திங்கட்கிழமைக்குள் நான் ஒப்புதல் பட்டனை அழுத்த வேண்டும். நீ இந்த வேலையை விட்டுவிட்டு நீச்சல் சொல்லிக்கொடுக்கப் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. உன் கை பட்டதென்று அங்கே மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். உன்னைக் கேட்காமல் அழுத்த எனக்கு மனசு வரவில்லை.

மாமாவும் இதைப் படிப்பார், அவருக்காகச் சொல்கிறேன். மேப் என்றால் ஊர் வரைபடம் இல்லை மாமா. வாடிக்கையாளர் நம்பரைக் கொடுத்தால் அந்த ஆளின் அளவைக் கொடுக்கிற அட்டவணை. நம்பர்தான் சாவி, ஒரு சாவிக்கு ஒரே அளவுதான் உள்ளே இருக்க முடியும். ஆனால் ஆட்கள் துணி தைக்க வரும்போதெல்லாம் புது அளவு எடுத்து லிஸ்டின் தலையில் எழுதுகிறார்கள், பழையதெல்லாம் கீழே போய்விடும். அந்தப் பதினோரு வரி என்ன செய்யும் என்றால், லிஸ்டின் தலையை எடுக்கும், அந்தச் சாவி மேப்பில் ஏற்கெனவே இருந்தால் பேசாமல் விட்டுவிடும், இல்லையென்றால் போடும், பிறகு மிச்சமிருக்கிற வாலைத் தூக்கிக்கொண்டு தன்னையே மறுபடி கூப்பிடும். நிதானமான வேலை. அதைப் படிக்கும்போதெல்லாம் சைக்கிள் கடை மாடியில் இருந்த நம் அறைதான் எனக்கு ஞாபகம் வரும். ஒரு கம்ப்யூட்டர், இரண்டு நாற்காலி, அதில் ஒன்றுக்கு முதுகு கிடையாது. சோதனைக்கு ஓர் ஆள் வேண்டும் என்று நீயே டேப்பை எடுத்து என்னை அளந்தாயே. இருபத்தெட்டு வந்தது. "மூச்சை இழுக்காதடா, கம்ப்யூட்டர்கிட்ட பொய் சொல்லக்கூடாது" என்று அதட்டினாய். எவ்வளவு நன்றாக இருந்தோம் அக்கா அப்போது.

இப்போதைய குழுத் தலைவிக்கு ஆபீஸில் ஒத்தவரி என்று பெயர். எதையும் ஒரே வரியில் எழுதிவிடுவாள். நல்ல பெண்தான், குறை சொல்லக்கூடாது. போன மாதம் அந்தப் பதினோரு வரிக்குப் பக்கத்தில், "சரியாத்தான் இருக்கு சார், ஆனா இந்த மொழிக்காரங்க இப்படிப் பேசமாட்டாங்க" என்று குறிப்புப் போட்டாள். லிஸ்டை அப்படியே மேப்பில் ஊற்றுவதற்கு நாம் எழுதுகிற கம்ப்யூட்டர் மொழியிலேயே வழி இருக்கிறதாம். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்த ரோஷம். இருபது வருஷமாக இந்த மொழியில் குடித்தனம் நடத்துகிறவனுக்குப் பேச்சு வராது என்றால் எப்படி இருக்கும்? அன்றே நானும் ஒரே வரியில் எழுதிப் போட்டேன். சோதனை எல்லாம் பச்சை, அத்தனையும் பாஸ். ஆகாதா பின்னே, சோதனையில் எல்லா ஆளும் ஒரே ஒரு தடவைதானே வருகிறார்கள். அவள் லீவில் இருந்ததால் நானே அதைக் கடைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிட்டேன்.

ஒரு வாரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கட்டிங் மாஸ்டர் போன் செய்தார். ஒரு வங்கி மேனேஜருக்கு இடுப்பு பதினெட்டு அங்குலம் என்று வருகிறதாம். வெட்டினீர்களா என்று கேட்டேன். "கம்ப்யூட்டரே சொல்லுதேன்னு வெட்டிட்டேன் சார்" என்றார். அந்த மேனேஜர் முதன்முதலாக அங்கே வந்தது இரண்டாம் வகுப்பு படிக்கும்போது. அடுத்து ஒரு வக்கீல், புதுப் பேண்ட்டில் உட்கார முடியாமல் சாயங்காலம் வரை நின்றே வாதாடியிருக்கிறார். பேக்கரிக்காரர் பேண்ட் தொடைக்கு மேலே ஏறவில்லை, ஆனால் அவர் மனைவி திருப்பித் தர மாட்டேன் என்கிறாளாம், கல்யாணமான புதிதில் இப்படித்தான் இருந்தார் என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாளாம். அப்புறம்தான் என் மரமண்டைக்கு உறைத்தது. அந்த ஒரு வரி யாரையும் கேட்காது. ஒரே சாவி மறுபடி வந்தால் முன்னால் வந்ததைத் தள்ளிவிட்டுப் பின்னால் வந்ததை வைத்துக்கொள்ளும். நம் லிஸ்டில் பின்னால் இருப்பது பழசு. ஊரில் பாதிப் பேருக்கு வாலிபத்தைத் தைத்து அனுப்பியிருக்கிறேன்.

எனக்கும் வந்தது ஒரு பார்சல். நானும் அங்கேதானே தைக்கிறேன். இருபத்தெட்டு. ஒரு காலை விட்டுப் பார்த்தேன், முட்டியோடு நின்றுவிட்டது. கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். உன் நினைப்புத்தான்.

ஒத்தவரி திட்டவே இல்லை. லிஸ்டை முதலில் தலைகீழாகத் திருப்பி, பிறகு மேப்பில் ஊற்றினாள். புதுசு கடைசியில் வந்து பழசைத் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். அதற்குத்தான் என் ஒப்புதல் கேட்கிறாள். எனக்குக் கை ஓடவில்லை. அவசரத்துக்குப் பதினோரு வரியைத் திரும்ப வைத்திருக்கிறோம், திங்கட்கிழமை வரை அது இருக்கும். நீ வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல், நான் சண்டை போடுகிறேன். உன் எழுத்தைக் காப்பாற்ற உனக்கு நான் ஒருவன்தானே இருக்கிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம். குழந்தைகளை நான் விசாரித்ததாகச் சொல். தண்ணீரிலேயே நிற்காதே, சளி பிடிக்கும்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால், நீ எந்தத் தேதியில் எழுதினாய் என்று போடலாமே என்று, எந்த வரியை யார் மாற்றினார்கள் என்று காட்டும் பழைய மாற்றப் பதிவைத் திறந்து பார்த்தேன். அந்தப் பதினோரு வரியும் நான் எழுதியது. அதற்கு முன்னால் அங்கே இருந்தது உன்னுடையது, ஒரே வரி, லிஸ்டைத் திருப்பி மேப்பில் ஊற்றுகிற வரி, ஒத்தவரி எழுதியதற்கும் அதற்கும் ஓர் எழுத்து வித்தியாசமில்லை. "எதற்குத் திருப்ப வேண்டும், புரியவில்லை" என்று குறிப்பு எழுதி அதை அழித்தவன் நான்தான். ஒப்புதல் பட்டனை இப்போதே அழுத்திவிட்டேன் அக்கா. என் குறிப்புக்குக் கீழே அன்றைக்கே நீ ஒப்புதல் கொடுத்து ஒரு வரி எழுதியிருக்கிறாய், இருபது வருஷமாக நான் பார்க்கவே இல்லை: "இருக்கட்டும், தம்பிக்கு இதுதான் புரியுது."