பூசையில் வைத்த கார்

"இந்த டிக்கற்றுக்கு நான் தலை குனியமாட்டன். உயிர் போனாலும் குனியமாட்டன்!"

இப்படி நாகேந்திரம் முழங்கியபோது தலையைக் குனிந்துகொண்டுதான் நின்றார். காரின் முன்கண்ணாடியில் ஒட்டிய டிக்கற்றை நகத்தால் சுரண்டுகிறவர் வேறு எப்படி நிற்பாராம்?

கொழும்பு வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்குகிற ஒரு ஒழுங்கையில் இருக்கிறது அந்தத் தொடர்மாடி. குடும்பங்கள் இருபதுக்கு மேலே, கார் விட இடமோ பதினாறுதான். ஆளை ஆள் முறைக்க இதைவிட வேறென்ன வேண்டும்? அதனால்தான் தொடர்மாடிச் சங்கம் தானே டிக்கற் அடித்து வைத்திருந்தது. விருந்தாளிகளுக்கென்று கேற்றடியில் விட்ட இடத்தில் குடியிருப்பவர் யாரும் இரவு முழுக்கக் காரை விட்டால், விடிய டிக்கற் ஒட்டப்படும். எப்படிப்பட்ட பசையோ தெரியாது, கண்ணாடி போனாலும் டிக்கற் போகாது.

அன்று விஜயதசமி. காரின் நெற்றியில் சந்தனம், குங்குமம். வைப்பரில் செவ்வந்தி மாலை. நாலு சில்லுக்குக் கீழேயும் நாலு தேசிக்காய். இவ்வளவு மங்களத்துக்கும் நடுவில், காவலாளி பொட்டில் படாமல் பக்குவமாய் டிக்கற்றை ஒட்டியிருந்தான். கேட்டால், "மம தன்னே நே, சேர்" என்று தனக்கு ஒன்றும் தெரியாதெனக் கையை விரித்து, மேல்மாடியைக் காட்டினான். மேல்மாடியில்தான் சங்கச் செயலாளர் ஸவாஹிர் இருந்தார்.

நடந்தது இதுதான். முதல்நாள் ஆயுத பூசை. நாகேந்திரத்தின் ஏழாம் நம்பர் இடம் குப்பை வாளிகளுக்குப் பக்கத்தில்.

"குப்பைக்குப் பக்கத்திலை வைச்சே சரஸ்வதியைக் கூப்பிடப் போறியள்?" என்று கேட்டாள் மனைவி பாலேஸ்வரி. "கேற்றடியிலை விடுங்கோ. கிழக்குப் பாத்தபடி நிக்கும்."

நியாயமாய்ப் பட்டது. விட்டார். பூசை முடிந்து திருப்பி எடுக்கத் திறப்போடு போனால், அவள் ஓடி வந்து மறித்தாள்.

"ஐயையோ, என்ன செய்யிறியள்? பூசையிலை வைச்ச ஆயுதத்தை விஜயதசமிக்கு முன்னம் ஆராவது தொடுவினமோ?"

நாகேந்திரம் கையை வெடுக்கென்று எடுத்துவிட்டார். சின்ன வயதில் கணக்குப் புத்தகத்தைப் பூசையில் வைத்துவிட்டு, அதைத் தொடக்கூடாதென்று ஒரு நாள் முழுக்கச் சந்தோசமாய்த் திரிந்த மனுசன். அந்த விரதத்தை மட்டும் அவர் வாழ்நாளில் மீறியதில்லை.

இப்போது நகத்தோடு வந்த பாதி டிக்கற்றோடு படி ஏறினார். ஸவாஹிர் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். யாரோடும் முகம் முறிக்கப் பிரியமில்லாத ஆள்.

"நாகேந்திரம் ஐயா, கொம்பிளெயின் வந்தா நான் ஒட்டத்தானே வேணும்? மொத தரம்தானே. வார போயாவுக்குக் கூட்டம் ஈக்கு. வந்து சொறி எண்டு ஒரு வார்த்தை செல்லுங்க. அதிலேயே கிழிச்சுப் போட்டுருவன்."

மன்னிப்பென்று ஒரே ஒரு வார்த்தை! நாகேந்திரத்துக்கும் மனம் கொஞ்சம் இளகித்தான் போயிற்று. ஏனென்றால் தண்டனை லேசுப்பட்டதில்லை. டிக்கற் வாங்கிய ஓட்டுநர் மூன்று மாதத்துக்கு எந்த வாகனத்தையும் கேற்றுக்குள்ளே கொண்டுவரக் கூடாது. மார்கழியில் லண்டனிலிருந்து மகள் சுபோதினி வருகிறாள், முதன்முதலாய்ப் பேரனோடு. கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போய் அவர்களைத் தன் காரில், தன் கையால் ஓட்டிக் கூட்டிவர வேண்டுமென்று ஆறு மாதமாய்க் கனவு காண்கிறார். பிள்ளை இருக்கைகூட வாங்கிப் பூட்டியாயிற்று.

வீட்டுக்கு வந்து, "சொறி சொல்லிவிட்டால் முடிஞ்சுதாம்" என்றார்.

பாலேஸ்வரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களோ? சொறியோ?"

"ஏன், சொன்னால் என்ன?"

"சொல்லுங்கோ. எனக்கென்ன? இன்சூரன்ஸ் கொம்பனியிலை முப்பது வருசம் எத்தினை வழக்கைத் தவிடுபொடியாக்கினவர். கடைசியிலை ஒரு தேசிக்காய்க்குத் தலை குனிஞ்சார் எண்டு சனம் கதைக்கும். கதைச்சிட்டுப் போகட்டும்."

அவ்வளவுதான். மனுசன் சிலிர்த்துக்கொண்டார். "ஆர் சொன்னது நான் குனியிறன் எண்டு? அப்பீல் பண்ணப்போறன்!"

"அப்பிடிச் சொல்லுங்கோ," என்றாள், முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

அன்றிலிருந்து சவரம் செய்யும்போதும் வழக்கு, சோற்றைப் பிசையும்போதும் வழக்கு. பாலேஸ்வரி பொறுமையாய்க் கேட்டு, "அந்த இடத்திலை குரலைக் கூட்டிச் சொல்லுங்கோ" என்று திருத்தியும் கொடுத்தாள். இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்க்கும் என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சனிக்கிழமை ஸவாஹிரின் மனைவி பைறோஸாவோடு அவள் நுகேகொடைக்குத் தையல் வகுப்புக்குப் போனபோது, "எதிரி வீட்டு ஆளோடை கவனமாய்க் கதையும். என்ரை பொயின்ற் ஒண்டையும் சொல்லிப்போடாதையும்" என்று எச்சரித்து அனுப்பினார்.

மாதக்கணக்காய்ப் போகிற தையல் வகுப்பு. அவருடைய சேட்டுக்கு அறுந்த பொத்தான் இன்னும் அறுந்தபடிதான் கிடந்தது. அதைப் பற்றி அவர் யோசிக்கவில்லை. வழக்கு இருந்ததே!

பௌர்ணமி விடுமுறையான போயா அன்று பின்னேரம் மொட்டைமாடியில் கூட்டம். தண்ணீர்த் தாங்கிக்கும் காயப்போட்ட பெட்சீற்றுகளுக்கும் நடுவில் பிளாஸ்ரிக் கதிரைகள். பைறோஸா ஒரு தட்டம் பொரித்த பற்றிஸ் கொண்டுவந்திருந்தாள். நாகேந்திரம் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட்டு. திருநீறு வழமையைவிட அகலம்.

"கனம் செயலாளர் அவர்களே! அண்டைக்கு அங்கை நிண்டது கார் இல்லை!"

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"கார் எண்டால் ஓடவேணும். பூசையிலை வைச்ச பிறகு அது ஓடாது, ஓடவும் கூடாது. ஆகவே அது பூசைப் பொருள். உங்கட சட்டம் வாகனத்துக்கு. பூசைப் பொருளுக்கு இல்லை!"

கையை உயர்த்தி நின்றார். பின்வரிசையில் யாரோ, "சரியான பொயின்ற்!" என்றார்கள்.

ஸவாஹிர் தாடியைத் தடவினார். "அது வாகனம் இல்ல, சாமான் எண்டு செல்றீங்க?"

"ஓம்!"

"பொது இடத்தில சாமான் வெச்சாலும் அதே தண்டனைதானே, ஐயா. இவ பூச்சாடி வெச்ச நேரம் நீங்கதானே அந்தச் சட்டத்தக் கொண்டுவந்தீங்க?"

பைறோஸா பற்றிஸைக் கடித்துக்கொண்டே தலையாட்டினாள். பூச்சாடி இழந்தவள் அவள்தான்.

நாகேந்திரம் உயர்த்திய கையை இறக்கினார். ஸவாஹிர் தாழ்ந்த குரலில், "ஒரு சொறி செல்லிருங்களேன்" என்று கெஞ்சினார். மனுசன் வாயைத் திறந்தார். திறந்த வாயோடு மனைவியைப் பார்த்தார். அவள், "உங்களை நம்பித்தான் வந்தனான்" என்பதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வாயை மூடிக்கொண்டார்.

தீர்ப்பு: மூன்று மாதம்.

அந்தச் சொல் காதில் விழுந்ததும் வழக்கறிஞர் காணாமல் போய், தகப்பன் வந்துவிட்டார். "மார்கழியிலை பிள்ளை வாறாள், ஸவாஹிர்! பேரன் வாறான்! நான் சொறி. ஆயிரம் சொறி!"

"தீர்ப்புக்குப் பொறகு மன்னிப்பு எடுபடாது எண்டும் நீங்கதான் எழுதினீங்க, ஐயா," என்றார் ஸவாஹிர். அவருக்கே அழுகை வரும்போல இருந்தது.

நாகேந்திரம் கதிரையில் தொப்பென்று விழுந்தார். பேரனை வாடகை வான்காரன் ஒருவன் கூட்டிவரப் போகிறான். தான் பூட்டிய இருக்கை காலியாய்க் கிடக்கப் போகிறது.

"செயலாளர், ஒரு கேள்வி."

எழும்பியது பாலேஸ்வரி.

"தண்டனை ஆருக்கு? காருக்கோ, ஓட்டின ஆளுக்கோ?"

"ஓட்டினவருக்கு, அக்கா. 'காருக்கு என்ன தெரியும், ஓட்டுறவனைப் பிடியுங்கோ' எண்டு ஐயாதான்…"

"அப்ப வேறை ஆள் ஓட்டினால் கார் உள்ளுக்கை வரலாம். ஏழாம் நம்பரிலை நிக்கலாம்."

"தாராளமா. ஆனா ஆரு ஓட்டுற?"

பாலேஸ்வரி கைப்பையைத் திறந்தாள். சாரதி அனுமதிப்பத்திரம். புத்தம் புதுசு. படத்தில் அவள் சிரிக்கக்கூட இல்லை, அவ்வளவு மதிப்பாய் இருந்தாள். முதலில் கை தட்டியவள் பைறோஸா. பிறகு மொட்டைமாடியே தட்டியது.

வீட்டுக்கு இறங்கி வந்ததும் நாகேந்திரம் விசாரணையைத் தொடங்கினார்.

"அப்ப நுகேகொடையிலை தையல்?"

"தையல் ஆருக்கு வேணும்? நானும் பைறோஸாவும் கார் ஓட்டப் பழக லேர்னர்ஸுக்குப் போனனாங்கள். அவ முதல் தரமே பாஸ். எனக்கு ரெண்டாந்தரம்."

"என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!"

"கலியாணம் கட்டின நாளிலையிருந்து கேக்கிறன். 'உமக்கேன் அந்தக் கரைச்சல், நான் இருக்கிறன்தானே' எண்டு எத்தினை தரம் சொன்னியள்?" தேத்தண்ணியை அவர் முன்னால் வைத்தாள். "போன மழைக்கு உங்களுக்கு நெஞ்சு நோவு வந்ததே. கார் கீழை சும்மா நிண்டது. நான் காலி வீதியிலை நனைஞ்சு கொண்டு ஒவ்வொரு திரிவீலாக் கை காட்டினனான். ஒருத்தனும் நிப்பாட்டேல்லை. அண்டைக்கு நினைச்சனான், இனி இப்பிடி நிக்கமாட்டன் எண்டு."

"அது வாய்வு எண்டு டொக்டர் சொன்னவர்தானே."

"எனக்கு அப்ப தெரியுமோ அது வாய்வு எண்டு?"

நாகேந்திரம் தலையைக் குனிந்துகொண்டார். இந்தத் தரம் டிக்கற் சுரண்ட அல்ல. அவள் அன்று பயந்திருப்பாள் என்பது இதுவரை அவருக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாய்த்தான் இருந்தது.

பிறகு, "சரி, ஸவாஹிரிட்டைக் கொம்பிளெயின் சொன்னது ஆர் எண்டாவது உமக்குத் தெரியுமோ?" என்றார்.

"தெரியும்."

"ஆர்?"

"தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ."

குடித்தார். பாதிக் கோப்பையில்தான் விளங்கியது. குப்பை வாளியும் கிழக்குத் திசையும் தொடக்கூடாத ஆயுதமும் வரிசையாய் வந்து நின்றன. புரைக்கேறிவிட்டது. அவள்தான் தலையில் தட்டிவிட்டாள்.

அடுத்தநாள் அவள் காரை எடுத்தாள். காவலாளி கேற்றைத் திறந்து சல்யூட் அடித்தான். நாகேந்திரத்துக்கு அவன் ஒருநாளும் அடித்ததில்லை. இடது பக்கம் இருந்த மனுசன், "பிரேக்… பிரேக்!" என்று வெறும் தரையை மிதித்து மிதித்துக் கால் நொந்துபோனார். அவளோ இண்டிகேற்றர் போட்டு, கண்ணாடி பார்த்து, மரைன் டிரைவில் அழகாய்த் திரும்பினாள். வேறு வழியில்லாமல் அவர் கடலைப் பார்த்தார். வருசக்கணக்காய் இந்த வீதியில் ஓட்டியிருக்கிறார். ஸ்ரியரிங்கைப் பிடித்தவனுக்குக் கடல் எங்கே தெரிந்தது? இவ்வளவு நீலமா! திரும்பி வந்து ஏழாம் நம்பரில் ஒரே எடுப்பில் ரிவேர்ஸில் விட்டாள். அவருக்கு அது நாலு எடுப்பு. அதை அவர் வெளியில் சொல்லவில்லை.

மார்கழி வந்தது. விமான நிலையம் போகிற நாள் விடிய, நாகேந்திரம் புதுச் சேட்டும் சென்ற்றுமாய் முதல் ஆளாய்க் கீழே இறங்கினார். பொத்தான்களெல்லாம் பூட்டியிருந்தன, அவர் தானே தைத்தவை. ஓட்டத்தான் முடியாது, முன்சீற்றிலிருந்து வழியாவது காட்டலாமே! மார்பை நிமிர்த்திக்கொண்டு போய் இடது பக்கக் கதவைத் திறந்தார். உள்ளே பைறோஸா பற்றிஸ் பெட்டியோடு வசதியாய் உட்கார்ந்திருந்தாள்.

"இவ எனக்கு வழி காட்ட வாறா," என்றாள் பாலேஸ்வரி, சீற் பெல்ற்றைப் பூட்டிக்கொண்டே. "நீங்கள் பின்னாலை, பிள்ளை இருக்கைக்குப் பக்கத்திலை ஒடுங்கி இருங்கோ."