பதின்மூன்றாவது ஆணி

இராஜபாளையத்தில் பஞ்சை நிறுத்தவர்கள் உண்டு, நூலை அளந்தவர்கள் உண்டு. தன் வயிற்றை மாதாமாதம் அளந்து, பத்துப் பேர் பார்க்கச் சுவரில் தொங்கவிட்டவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் பேண்டேஜ் அண்ணாச்சி.

எண்பதுகளின் கடைசியில் நான் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் டைப்பிஸ்ட். அண்ணாச்சி அங்கே கட்டிங் சூப்பர்வைசர். அவர் வருவதற்கு முன்னாலேயே அவர் தொப்பை வந்து கையெழுத்துப் போட்டுவிடும் என்போம். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஒரு புரட்டாசிச் சனிக்கிழமையோடு அந்தச் சிரிப்பு நின்றது. செண்பகத்தோப்புக்கு மேலே மலையில் இருக்கும் காட்டழகர் கோயிலுக்கு இருவருமாக வருவதாக அவர் மனைவி கோதை மதினி நேர்ந்திருந்தார். பாதி வழியில் அண்ணாச்சி மூச்சு வாங்கி ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ போய்ச் சேவிச்சிட்டு வா. நான் இங்கனயே இருக்கேன்" என்றாராம்.

"ரெண்டு பேருமா வாரோம்னுல்ல நேந்திருக்கேன்" என்று மதினியும் சாமியைப் பார்க்காமலே இறங்கிவிட்டார். வழியெல்லாம் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதைத்தான் அண்ணாச்சியால் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை வந்ததும் கட்டிங் ரூம் சுவரில் வரிசையாகப் பன்னிரண்டு ஆணி அடித்தார். ஒரு பேண்டேஜ் ரோலை உருவி இடுப்பைச் சுற்றி, சுற்றளவுக்குக் கத்தரித்து, நீலப் பென்சிலால் 'புரட்டாசி' என்று எழுதி முதல் ஆணியில் மாட்டினார். "அடுத்த புரட்டாசிக்குள்ள இது பாதியாவுதா இல்லையா, பாருங்கலே!"

ராத்திரிச் சோறு நின்றது. வேலைக்கு நடந்தே வந்தார். மாதம் ஒரு துண்டு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்தியது மாதிரி, பங்குனி வரைக்கும் ஒன்றைவிட ஒன்று குட்டையாகத் தொங்கியது. பெல்ட்டுக்குப் புது ஓட்டை போட்டார்.

அங்கேதான் சனி பிடித்தது. இளைத்த ரகசியம் கேட்டு ஊரே அவரைக் கூப்பிட ஆரம்பித்தது. செட்டியார்பட்டியில் ஒரு வீடு, ஸ்ரீவில்லிபுத்தூரில் நாலு வீடு. அண்ணாச்சி போய், வாயைக் கட்டுவது எப்படி என்று ஒரு மணி நேரம் பேசுவார். பேச வந்த மனுஷரை வெறும் வயிற்றோடு அனுப்ப நம் ஊர்க்காரர்களுக்கு மனசு வருமா? இங்கே பணியாரம், அங்கே பஜ்ஜி, ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் கேட்கவே வேண்டாம், பால்கோவா.

"வேண்டாம்னா அவிய மனசு சங்கடப்படும் தம்பி" என்பார். அத்தனை வீட்டு மனசையும் காப்பாற்றினார். உபதேசம் செய்தே பெருத்த மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சித்திரையிலிருந்து ஆணிகள் சும்மா இருந்தன. ஆவணியில் மடிப்பு மேசைப் பேச்சியம்மா கேட்டே விட்டாள்: "எங்க, பங்குனித் துண்டச் சுத்திக் காட்டுங்க பாப்போம்."

சுற்றினார். இரண்டு முனைகளும் ஒரு சாண் தள்ளியே நின்றன.

"துணி சுருங்கிருச்சு" என்றார்.

"நனையாத துணி எப்படி அண்ணாச்சி சுருங்கும்? இம்புட்டு வருஷமா இதத்தான மடிச்சிக்கிட்டு இருக்கேன்!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நானும்தான். இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்தப் புரட்டாசியில் அவர் மலைப்பக்கமே போகவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள், சாப்பாட்டு நேரத்தில் தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "தம்பி, நேந்துக்கிட்டு முடிஞ்சு வெச்ச மஞ்சத்துணிய எங்க வீட்ல இன்னும் அவுக்கல. ஒரு வார்த்தை கேக்கவும் மாட்டேங்கா" என்றார். பிறகு ரோலை எடுத்துச் சுற்றிக் கத்தரித்தார். ஏறக்குறைய முதல் துண்டின் நீளம்.

"பழசையெல்லாம் கழட்டிட்டு முதல்லருந்து ஆரம்பிப்போம் அண்ணாச்சி" என்று கையை நீட்டினேன்.

"ஏலே, கைய எடு! எளைச்சதும் நாந்தான், பெருத்ததும் நாந்தான். இது மொதத் துண்டு இல்ல, அடுத்த துண்டு."

வெறும் ஆணிகளை அப்படியே விட்டுவிட்டு, பதின்மூன்றாவதாக ஓர் ஆணி அடித்து மாட்டினார். அதன் பிறகு ரகசியம் கேட்டு யார் கூப்பிட்டாலும் போகவில்லை. கம்பெனிக்கு வரச் சொல்லிச் சுவரைக் காட்டினார். பொங்கல் மாதத் துண்டு கொஞ்சம் நீண்டது. அதையும் மாட்டினார். அதற்கப்புறம் வந்த துண்டுகள் மெல்ல மெல்லக் குட்டையாயின.

அடுத்த புரட்டாசியில் இருவரும் ஏறினார்கள். அந்தப் பாறை வந்ததும், "செத்த நேரம் உக்காருவமா?" என்றாராம் மதினி. "எறங்கும்போது உக்காருவோம்" என்றாராம் அண்ணாச்சி.

திங்கட்கிழமை துண்டு வெட்டினார். போன மாதத்தைவிட இரண்டு விரல் கூடுதல். "சேவிச்சிட்டு வந்ததுக்கு வீட்ல வடை பாயசம்" என்று மாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

போன வாரம் என் டாக்டர் என்னைப் பார்த்து, "போன வருஷம் குறைச்சதெல்லாம் எங்க சார்?" என்றார். துணி சுருங்கிவிட்டது என்று வாய் வரை வந்தது. வீட்டுக்கு வந்து சுவரில் ஓர் ஆணி அடித்தேன். அண்ணாச்சி, பக்கத்தில் நின்று ஒரு தடவை "அடுத்த துண்டுதாம்லே" என்று நீங்கள் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்.